எனக்கு நடந்த கருமாதி

எனக்கு ஒருமுறை கருமாதி நடந்திருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பம்பாயில், தாராவியில் அண்ணன் வீட்டில், என் போட்டோவுக்கு மாலை போட்டு, ஊர்க்காரர்களைக் கூட்டிச் சோறு போட்டு, முறைப்படியே நடத்தினார்கள். நான் அப்போது மலேயாக் காட்டில், ஜப்பான்காரனிடம் கைதியாக மரம் சுமந்துகொண்டிருந்தேன். ஆளைக் காணவில்லை, செத்திருக்கலாம் என்று பட்டாளத்திலிருந்து தந்தி வந்ததாம். ரெண்டு வருஷம் பார்த்துவிட்டு அண்ணன் காரியத்தை முடித்துவிட்டான். என் பெண்டாட்டி கழுத்திலிருந்து தாலியை இறக்கிவிட்டார்கள்.

சண்டை முடிந்து நான் வந்து நின்றபோது அண்ணி அலறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள் ஓடினாள். செத்தவன் எப்படி வீட்டுக்குள் வருவது? அதற்கும் ஒரு சடங்கு இருக்கிறதாம். என்னை வாசலிலேயே உட்காரவைத்து, ஐயர் ஒருவரைக் கூட்டிவந்து, நெய் தடவிக் குளிப்பாட்டி, புதிதாகப் பிறந்த பிள்ளை என்று காதில் பெயர் சொன்னார்கள். நாக்கில் தேன் வைத்தார்கள். முப்பது தாண்டிய பிள்ளை. தேன் மீசையில் ஒட்டி ஈ மொய்த்தது. அப்புறம் என் பெண்டாட்டிக்கே நான் மறுபடி தாலி கட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஆத்திரம் அடங்கவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்குக் காரியம் செய்ய இவர்களுக்கு அப்படி என்ன அவசரம்?

பட்டாளத்துக்குப் போகுமுன் நான் அச்சுக் கோர்ப்பவன். திரும்பி வந்தும் அதே பிழைப்புதான். மாதுங்காவில் தமிழில் அழைப்புப் பத்திரிகைகள் அடிக்கும் சின்ன அச்சுக்கூடம். கல்யாணம், பூணூல், கிரகப்பிரவேசம் எல்லாம் அங்கே வரும். கருமாதிக் கடுதாசியும் வரும். அதை மட்டும் சாயங்காலத்தில்தான் மிஷினில் ஏற்றுவோம், காலையில் முதல் வேலை சுபமாக இருக்க வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு.

ஒருநாள் வயதான ஒருவர் குடையும் கையுமாக வந்தார். ஆபீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பாலக்காட்டுப் பக்கத்துப் பிராமணர். ஒரே பையனுக்குக் காரியம் செய்ய நாள் பார்த்தாகிவிட்டது, பத்திரிகை அடிக்க வேண்டும் என்றார். பையன் எங்கே, எப்படி இறந்தான் என்று கேட்டேன். மலேயாவில், சண்டையில் காணாமல் போனவன். வீட்டில் அவன் பெண்டாட்டி இருக்கிறாள், சின்னப் பெண்.

எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ. மையும் கையுமாக எழுந்து வந்து என் கதை முழுக்க அவரிடம் கொட்டினேன். கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பெண்ணின் கழுத்தில் கைவைக்காதீர்கள் என்றேன். பெரியவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"உம்மை மாதிரி அவனும் வந்துடுவான், இல்லையா?"

வரலாம் என்றுதான் சொன்னேன். அவர் காதில் வருவான் என்று விழுந்திருக்க வேண்டும். பத்திரிகை வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். வந்த வேலையை விரட்டுகிறாயா என்று முதலாளி குதித்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் தாலியைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்கு.

அப்புறம் அவர் வாராவாரம் வர ஆரம்பித்தார். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, நான் எழுத்துப் பொறுக்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். முகாமில் என்ன சாப்பாடு போட்டார்கள், ஜுரம் வந்தால் மருந்து உண்டா, ஞாபகம் தப்பிப் போனவர்கள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்வேன். என்னோடு மரம் சுமந்தவர்களில் பாதிப்பேரை நாங்களே குழிவெட்டிப் புதைத்தோம் என்று எந்த வாயால் சொல்வது? பட்டாளத்துக்காரர்களை ஏற்றிவந்த கப்பல்களும் நின்றுபோயின. அவர் மட்டும் நிற்கவில்லை. அவர் குடை தெருமுனையில் தெரிந்தாலே நான் எழுத்துப் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் அவருடன் அந்த மருமகளும் வந்தாள். அவர் படியிலேயே நின்றுகொண்டார். அவள் நெற்றியில் குங்குமம், கையில் காய்கறிப் பை. நேராக என்னிடம் வந்து, திரும்பி வந்தவர் நீங்கள்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். என் வாயிலிருந்து இன்னும் நாலு நல்ல வார்த்தை கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, எதைச் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"பத்திரிகையை அடிச்சுக் கொடுத்துடுங்கோ," என்றாள். "வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா ஆத்துல எல்லாரும் என் முகத்தைப் பாக்கறா. நானும் எழுந்து ஓடறேன். எத்தனை தரம் ஓடறது? என்னால முடியலை."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். படியில் நின்ற பெரியவரைப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிடும்போது அந்தப் பெண் கேட்டதை என் பெண்டாட்டியிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை உயிரோடிருந்தால் என்ன ஆகும், அடிக்க முடியாது என்று சொல்லாமலா வந்தீர்கள் என்று என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ரசத்தை ஊற்றினாள்.

"அடிச்சுக் குடுத்திருங்க," என்றாள். "நீங்க திரும்பி வந்தது எனக்குச் சாமி குடுத்தது. இல்லன்னு சொல்லல. ஆனா தாலிய எறக்குன அன்னைக்குத்தான் நான் தூங்குனேன். அதுக்கு முந்தி தூக்கம்னா என்னன்னே மறந்து போச்சு."

இத்தனை நாள் அவள் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவளுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்று அண்ணனோடு நான் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். தட்டில் கையைக் கழுவினேன்.

மறுநாள் சாயங்காலம் அந்தக் கடுதாசியை நானே கோர்த்து, நானே மிஷினில் ஏற்றி அடித்தேன். அந்தப் பையன் எங்கேயாவது ஒரு காட்டில் இன்னும் மரம் சுமந்துகொண்டிருக்கலாம் என்ற நினைப்பு ஒவ்வொரு தாளிலும் வந்தது. கை மட்டும் நிற்கவில்லை. பெரியவர் வந்து கடுதாசிக் கட்டை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.