பாடத்தைத் திருத்த வந்த ருக்மணி மேடம்

மத்திகிரியில் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, என்னோடு நிலவியல் படித்த முருகேசன் செல்போனில் அழைத்தான். "ருக்மணி மேடம் போயிட்டாங்கடா. நெஞ்சுவலியாம்." வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அப்படியே நின்றேன்.

கிருஷ்ணகிரி கல்லூரியில் அவரிடம் நிலவியல் படித்தவர்களுக்கு அந்தக் கணீர்க் குரல் மறந்திருக்காது. பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம். "மலைன்னா உசரமா இருக்கணும்னு இல்ல. கண்டங்க மோதி எழும்புன பெரிய மலை இங்க இருந்துச்சு. அது தேஞ்சு போச்சு. அதோட அடிவேர் மேலதான் நாம நிக்கிறோம்" என்பார். ஊருக்கு வெளியே ஒரு குன்றில், வரிவரியான வெளிர்ப் பாறைக்கு நடுவே கருந்திட்டுகள் இருக்கும். கீழிருந்து புகுந்த எரிகுழம்பு உறைந்து அப்படி ஆனது என்று சொல்லித் தந்தார். தேர்விலும் அதையே எழுதினோம்.

படிப்புக்கேற்ற வேலை எனக்கு அமையவில்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியானேன். பட்டம் வாங்கியதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. மேடத்தின் கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது என்றிருந்தேன்.

ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால், யாரிடம் விசாரித்தாரோ, கேட்டருகே அவர் நிற்கிறார். எண்ணெய்க்கறைச் சட்டையோடு ஆட்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்.

"வேற வேல தேடிக்கிட்டுதான் இருக்கேன் மேடம்" என்றேன், அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"அதுக்கு வரலப்பா. அந்தக் குன்னுல குவாரிக்காரங்க புதுசா அறுத்திருக்காங்க. வெள்ளப் பாறையோட வரி கருப்புக்குள்ளயும் அப்படியே ஓடுது. குழம்பு புகுந்திருந்தா வரி அறுந்திருக்கும். மலைக்கு அடியில, சூட்டுலயும் அழுத்தத்துலயும் இருந்த எடத்துலயே மாறுன கல்லு அது. நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

அவர் முகம் சிவந்திருந்தது. கூட வேலை செய்பவர்கள் சுற்றி நின்று கவனித்தார்கள்.

"போல்ட்டு முடுக்குறவனுக்கு அது எதுக்கு மேடம்?" என்றேன்.

"உனக்கு எதுக்குன்னு எனக்குத் தெரியாதுப்பா. உங்கிட்ட தப்ப விட்டுவெக்க எனக்கு வெக்கமா இருக்கு."

எங்கள் லைனில் மூத்தவரான அன்வர் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "டிகிரி படிச்சவனாடா நீ?"

தலை குனிந்தேன். "நல்லாப் படிச்ச பையன்" என்றார் மேடம். பிறகு, "முருகேசன் எந்தக் கம்பெனில இருக்கான்? அவங்கிட்டயும் சொல்லணும்" என்று கேட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

மறுநாள் டீ நேரத்தில் அன்வர் அண்ணன் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டார். திருத்திய பாடத்தைச் சொன்னேன்.

மேடத்திடமிருந்து நான் வைத்திருப்பது அந்தச் சிவந்த முகத்தைத்தான். அன்று இருவருக்குமே வெட்கம். அவர் அதைச் சுமந்துகொண்டு என்னைத் தேடி வந்தார். நான் ஆட்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவரைப் போல வெட்கப்பட எனக்கு இன்னும் வரவில்லை.