மார்கழி அடை

மார்கழி மழை சற்று விட்டிருந்தது. தண்ணீரில் முக்கினால் கோழி அடைகாப்பதை மறந்துவிடும் என்று என் கணவர் வாளியோடு முற்றத்தில் நின்றார். அவர் கைக்குள் கோழி சிலிர்த்துக்கொண்டு கொறுகொறுத்தது. அந்தச் சத்தத்தில் எங்கள் ஸ்கந்தபுரத்துக் கிணற்றடி நினைவுக்கு வந்தது.

அங்கே பெரியப்பாவும் எங்கள் செங்கோழியை இப்படித்தான் பிடித்திருந்தார். அப்போது எனக்குப் பத்து வயது.

"இந்தக் குளிருக்குள்ள ஒண்டும் பொரிக்காது."

"பொரிக்கும்" என்று பறித்துக்கொண்டு ஓடினேன்.

அம்மா பனையோலைக் கடகத்தில் வைக்கோல் பரப்பி, ஒன்பது முட்டை வைத்து, இடிக்குக் காவலாக ஒரு கரித்துண்டும் போட்டு, குசினி அடுப்போரம் வைத்தார். காலையில் கோழி தீனுக்கு இறங்கும்போது முட்டைகள் குளிர்ந்துவிடுமென்று, அது திரும்பும்வரை அவற்றைப் பாவாடை மடியில் பொத்தி வைத்திருப்பேன். பள்ளிக்குப் பிந்திப் போய் அடியும் வாங்கினேன்.

இருபத்தோராம் நாள் ஐந்து குஞ்சுகள் வந்தன. பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

"நாலு கூழாப் போச்சு."

"அஞ்சு கத்துறது கேக்கேல்லையோ?"

அதற்கு ஒரு குட்டு விழுந்தது. நான் அழவில்லை.

"இந்த மாதத்தில அடை வைக்கிறேல்லையப்பா" என்றார் கணவர்.

வாளியைக் காலால் கவிழ்த்துவிட்டுக் கோழியை வாங்கினேன்.

"கோழி உங்களிட்ட மாதம் கேக்கேல்லை. குசினிக்குள்ள கிடக்கிற கடகத்தை எடுங்கோ."