சோழவந்தானில் சிவந்த அப்பளம்

அப்பளம் செய்யும் இடத்தைப் பார்ப்பதற்காக யாராவது சென்னையிலிருந்து மதுரை போவார்களா என்று கேட்காதீர்கள். போன மாதம் நான் போனேன். என் கொழுந்தனாரின் மனைவி ராசாத்தி தொலைபேசியில், "அக்கா, மருமக மாவு பிசையிற மெஷின் வாங்கிருக்கா. வெள்ளிக்கிழமை ஓட்டிப் பாக்குறோம், வாங்க" என்றாள். அந்த மெஷின் சரிவரக் கூடாது என்ற ஆசையோடுதான் ரயிலேறினேன்.

என் மாமனார் தொடங்கிய தொழில் அது. அவருக்குப் பின் மகன்கள் இருவரும் பிரித்துக்கொண்டார்கள். மதுரை ஆரப்பாளையத்தில் நல்ல கட்டடத்தோடு இருந்த பட்டறை எங்களுக்கு, சோழவந்தானில் தகரக் கொட்டகை அவர்களுக்கு. அன்று ராசாத்தி அழுதாள். கான்வென்டில் படித்த நான் கணக்கையும் கடிதங்களையும் பார்த்துக்கொண்டேன். என் கணவர் போன பிறகு, பட்டறையை விற்கலாமா என்று பெரிய மகன் கேட்டான். கூடாது என்றேன். "சரிம்மா" என்றான். அடுத்த மாதம் விற்றுவிட்டான்.

இப்போது அங்கே மூன்று மாடி லாட்ஜ். நான் தங்கியதும் அங்கேதான். வாடகை 900 ரூபாய். வெந்நீர் காலை எட்டு மணிவரைதான் வரும். எங்கள் உரல்கள் இருந்த இடத்தில் பைக்குகள் நிற்கின்றன.

ஆரப்பாளையத்திலிருந்து சோழவந்தான் ஏறக்குறைய 25 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். பெண்களுக்கு இலவசமான பேருந்துதான் முதலில் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன். "ஏம்மா, முன்னாடி போனதுல ஓசியாப் போயிருக்கலாம்ல?" என்றார் நடத்துனர். "தெரியும். டிக்கெட்டக் குடுங்க" என்றேன். இறங்கியதும் ஆட்டோவுக்கு 60 ரூபாய். வழியெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால்கள்.

தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஓடு பதித்த தரை. தேய்க்க ஒரு மெஷின், வட்டமாக வெட்ட ஒன்று, காயவைக்க ஒன்று. சன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். தூசி இல்லை. உளுந்து மாவைப் பிசைந்து இடிப்பது மட்டும் இன்னும் கையால்தான். உலக்கை பிடித்த நான்கு பெண்களில் இருவர் தோள்வலியால் நின்றுவிட்டார்கள், புதிதாக யாரும் வரவில்லை. மெஷின் கைகொடுக்காவிட்டால் ஆர்டர்களைக் குறைக்க வேண்டியதுதான் என்றாள் மருமகள் தேன்மொழி. இன்ஜினியரிங் படித்தவள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு முறை மாவு பிசைந்ததும் முதல் அப்பளத்தை வீட்டின் மூத்த பெண் பொரித்துத் தின்ன வேண்டும். அவள் தின்னாவிட்டால் சரக்கு வாசல் தாண்டாது. ஆரப்பாளையத்தில் அந்த இடம் என்னுடையது. இங்கே ராசாத்தி பொரித்தாள். அப்பளம் நடுவில் சிவந்து, ஓரத்தில் பொங்காமல் கிடந்தது.

"தூக்கிப் போடுடி. இது அப்பளமில்ல, ஓடு. மெஷின வாங்குன கோயம்புத்தூருக்கே அனுப்பு" என்றாள் மருமகளிடம்.

"போன ஐப்பசில உலக்கையில இடிச்சதுந்தான் செவந்துச்சு. அப்ப மட்டும் தின்னீக?"

"அன்னைக்கு மழைடி."

"மழைக்கு ஒரு நியாயம், மெஷினுக்கு ஒரு நியாயமா அத்தை? மாவு எப்பப் போதும்னு உங்க கைக்குத்தான் தெரியும். இம்புட்டு வருசமா எனக்குச் சொன்னீகளா? எனக்குத் தெரிஞ்சாத்தான மெஷின நிறுத்த முடியும்?"

வேலை செய்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். இனி மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் சரக்கை அனுப்பிவிடுவாள் என்று காத்திருந்தேன். ராசாத்தியோ சேலையைச் செருகிக்கொண்டு, ஸ்டூலை மெஷின் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஓட்டு... நிப்பாட்டு." கையை விட்டு மாவை இழுத்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்... போதும்டி, சூடேறுது. ஈரத்துணி போட்டு மூடி வை." தேன்மொழி ஒவ்வொன்றையும் செல்போனில் குறித்துக்கொண்டாள். பிற்பகலில் பொரித்த அப்பளம் வெள்ளையாகப் பொங்கியது. ராசாத்தி பாதியைத் தின்றுவிட்டு மீதியை என்னிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்கக்கா."

"உப்பு ஒரு கல் கூட" என்றேன்.

"பெரியத்தை, அது உங்க மாமனாரு போட்ட அளவு. சண்டைன்னா அவருகூடப் போடுங்க" என்றாள் தேன்மொழி. என்னிடம் யாராவது அப்படி எதிர்த்துப் பேசி எத்தனையோ வருடமாயிற்று. திரும்பும் வழியெல்லாம் ராசாத்தியின் மெஷின்கள் மேல் எனக்குப் பொறாமையில்லை. பொறாமை அந்த மருமகள் மேல்தான், எனக்கு இல்லாமல் போனாளே என்று.

போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, காலை பத்து மணிக்குள் போங்கள். நூறு அப்பளம் கொண்ட கட்டு 120 ரூபாய். ரயிலில் பெட்டிக்கு அடியில் வைத்தால் நொறுங்கிவிடும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் கொண்டுவந்தேன். வீட்டில் தினம் நாலைந்தாகப் பொரித்துப் பார்த்ததில், முந்தாநாள் ஒன்று சிவந்தது. உடனே எடுத்துப் போய்ப் பெரிய மகனிடம் காட்டினேன். "பார்த்தாயா, உன் சித்தி வீட்டு அப்பளம்! நம்மிடம் பட்டறை இருந்திருந்தால் இதை வெளியே விட்டிருப்பேனா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சரிம்மா" என்றான்.