காலடி மண்

இன்று காலை எதிர்வீட்டிலிருந்து மிளகாய் கருகும் நெடி வந்தது. பையனுக்குப் பரீட்சையாம், அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறாள். இருமிக்கொண்டே எனக்கொரு கவலை: இந்த நாலாவது மாடியில், டைல்ஸ் தரையில், காலடி மண்ணுக்கு அவள் எங்கே போவாள்? கண் வைத்தவர் என்று சந்தேகப்படும் ஆளின் காலடி மண் ஒரு சிட்டிகை சேர்ந்தால்தான் கண்ணேறு கழியும். நான் இதையெல்லாம் படித்துப் பட்டம் வாங்கியவள், சும்மா இல்லை.

மானிடவியல் ஆராய்ச்சிக்காக இருபத்தாறு வயதில் ஏற்காட்டுக்குப் போனேன். மந்திரம், சாமி, சடங்கு இவைதான் என் பாடம். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், கணக்கெழுதும் ரைட்டர் தயவால், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைனில் கடைசி வீடு கிடைத்தது. பழம் பறித்துக் களைத்து வருகிறவர்களை வழிமறித்து, சாமிக்குக் கோபம் வந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பேன். பாவம், திட்டாமல் பதில் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். பனி இறங்கும். காப்பிப் பழத்தோல் புளித்த வாடை மட்டும் என்னோடு உட்கார்ந்திருக்கும். தனிமை என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு அந்த வாடைதான் வருகிறது.

கூப்பிடாமல் என் வீட்டுக்கு வந்த ஒரே ஆள் தங்கம். பக்கத்து வீட்டுச் செல்வியின் மகள், இரண்டு வயசு. என் காகிதங்களின் மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்பாள். நான் எழுதுவதை விட்டுவிட்டு அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு அழகு என்று செல்வியிடம் வாய்விட்டுச் சொல்லியும் வைத்தேன். கண்ணேறு பற்றி ஒரு அத்தியாயமே எழுதிக்கொண்டிருந்தவள் செய்கிற காரியமா அது?

தங்கத்துக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி மருந்தில் காய்ச்சல் இறங்கியும் குழந்தை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. செல்வி சுற்றிப் போடப் போகிறாள் என்றதும் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். உப்பு, மிளகாய், இலையில் கொஞ்சம் ஈர மண். யாருடைய காலடி மண் என்று கேட்டேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். திரும்பி வந்தபோது, என் வாசலில் நான் மிதித்த சேற்றில் விரலால் கிள்ளிய பள்ளம் இருந்தது.

அருமையான தகவல் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அழுகை அப்புறம்தான் வந்தது.

மறுநாள் காலை, இடுப்பில் குழந்தையும் கையில் ரசஞ்சோற்றுக் கிண்ணமுமாகச் செல்வி வந்தாள்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. பாசமாப் பாத்தாலும் கண்ணு படுமுங்க. உங்க கையால ஒரு வாய் ஊட்டி உட்டீங்கன்னா சரியாப் போயிருமுங்க."

தங்கம் என் பக்கம் சாய்ந்தாள். ஆய்வு செய்கிறவர் சடங்கைப் பார்க்கலாம், அதில் கலந்துகொள்ளக் கூடாது என்று என் பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் மேல் பழியைப் போட்டு என்ன? எனக்குக் கோபம், அவ்வளவுதான். அந்தக் குழந்தையைத் தவிர யாருமில்லாதவளின் பார்வையை நஞ்சு என்று சொல்லிவிட்டார்களே என்ற கோபம்.

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லைங்க" என்றேன்.

"எனக்கு இருக்குதுங்களே" என்றாள் செல்வி. என் பக்கம் சாய்ந்திருந்த குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள்.

இரண்டு நாளில் குழந்தை தானாகவே சாப்பிட ஆரம்பித்தது. ஆனால் என் வீட்டுக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் செல்வி மரியாதையாகத்தான் பேசுவாள், முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு. அந்த மாதமே மலையிறங்கிவிட்டேன். என் ஆய்வேட்டில் அந்தச் சடங்கு மூன்று பக்கம் வருகிறது. அதில் ஒரு வரி: 'கண் வைத்ததாகக் கருதப்பட்ட பெண், குழந்தைக்கு உணவூட்ட மறுத்தார். காரணம் தெரியவில்லை.'

போன வருஷம் அங்கே போயிருந்தேன். லைனை இடித்துவிட்டுத் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். வாட்ச்மேன் உள்ளூர்க்காரர். செல்வியைப் பற்றியும் மகளைப் பற்றியும் விசாரித்தேன். லைனை இடித்தபோது ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள், யார் எங்கே என்று தெரியாது என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க அவுங்களுக்கு என்ன வேணுமுங்க?"

பக்கத்து வீடு என்றேன். எந்த வீடு என்று அவர் சுற்றிப் பார்த்தார். அங்கே கார்கள் நின்றுகொண்டிருந்தன.