ஹெம்பா பெரியவரின் பின்தலை

எண்பத்தேழு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. நான் ஏற்காடு போனது படகு விடவோ காற்று வாங்கவோ அல்ல, ஒரு மரச்சிலையின் தலையில் துளை போடுவதைத் தடுக்க. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் சேலத்தில் டிராயிங் டீச்சர். என் தம்பி செல்வராஜ் தலைச்சோலைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். "அக்கா, பங்களாவுல இருக்குற ஆப்பிரிக்கா பொம்மைய, பின்தலையில ஓட்டை போட்டு வயர் விட்டு, புது முதலாளி லைட் ஸ்டாண்டா மாத்தப் போறாரு. சனிக்கிழமை ஆசாரி வர்றாரு" என்று கடிதம் போட்டிருந்தான்.

பொம்மையாம்! காங்கோவில் வேலை பார்த்த பழைய முதலாளி கொண்டுவந்தது அது. தம்பியைப் பார்க்கப் போனபோது ஒருமுறை பார்த்திருக்கிறேன்: இரண்டடி உயரம், தாடி, பாதி மூடிய கண், வயிற்றின் இருபுறமும் கைகள். ஹெம்பா மக்கள் தங்கள் குடும்பத்து மூத்தவர்களை இப்படிச் செதுக்குவார்கள், ஒவ்வொருவருக்கும் பேர் உண்டு என்று படித்திருந்தேன். இவர் பேரைச் சொல்லத்தான் இங்கே ஆள் இல்லை.

காலை 6.10க்கு சேலத்தில் பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு, டிக்கெட் மூன்று ரூபாய் அறுபது காசு. பதினான்காவது வளைவில் இன்ஜின் கொதித்து இருபத்தைந்து நிமிடம் நின்றுவிட்டது. அவசரம் என்றேன். "ஏனுங்கம்மா, வண்டிக்கும் மூச்சு வாங்குமில்லீங்க" என்றார் டிரைவர். ஏற்காட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் நடை.

பங்களா சமையலறையில் சமையல்கார அம்மா ஆரோக்கியம் சிலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே கை டிரில்லோடு ஆசாரி. பக்கத்தில் முகம் சிவந்த புது முதலாளி. ரைட்டரின் அக்கா, டீச்சர் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

"இவரு வேதக்காரருங்க. பின்மண்டையில குருசு இருக்குது பாருங்க. குருசுல ஓட்டை போட உடமாட்டேன்" என்றார் ஆரோக்கியம்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. சிலுவைதான்னா விட்டுடறேன்."

ஒரே ஒரு 'ஆமாம்' போதும், தலை தப்பிவிடும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ஏற்கெனவே பேரைத் தொலைத்து நிற்கிற மனுஷர், அவர் வேதத்தையும் நான் மாற்றுவதா? மனசு கேட்கவில்லை.

"சிலுவை இல்லைங்க. சடை. அவங்க ஊர்ல அப்படிக் குறுக்கும் நெடுக்குமா பின்னுவாங்க" என்றேன். காரியத்தை நானே கெடுத்தேனே!

முதலாளி சிரித்தார். "கேட்டியா? வெறும் மயிரு. குடு இங்க."

ஆரோக்கியம் சிலையைத் திருப்பி, பின்தலையை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். "சடையாவே இருக்கட்டுமுங்க. ஆரோ நொம்பப் பாசமா வாரிப் பின்னி உட்ட தலை. அதுல மட்டும் ஓட்டை போடலாமுங்களா? மாட்டேனுங்க."

"அப்ப நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

"சரிங்க" என்றார். எழுந்திருக்கவில்லை. நானும் போய் அவர் பக்கத்தில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். ஆசாரி டிரில்லைப் பைக்குள் வைத்து, "நமக்கு ஆகாதுங்க, வேற ஆளப் பாருங்க" என்றார். முதலாளி கத்திவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போனார். மறுநாள் காலை காப்பி போட ஆரோக்கியத்தையே கூப்பிட்டனுப்பினாராம். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்துதான் வந்தாராம் இவர். அதன்பின் துளைப் பேச்சே எழவில்லையாம்.

நீங்கள் போவதானால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், வழுக்காத செருப்பு போடுங்கள். அந்த எஸ்டேட் கைமாறிவிட்டது, தேட வேண்டாம். எந்த மியூசியத்திலாவது ஒரு ஹெம்பா பெரியவரைக் கண்டால் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், பின்னால் போய் அந்தச் சடையைப் பாருங்கள். சிலுவை என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். துளை போட யாராவது வந்தால், தரையில் உட்காருங்கள்.