வாய் கொப்பளித்துக் கொடுத்த எச்சில்

நடவு முடிந்த வாரத்தில் என் கணவருக்குத் தொண்டை கரகரத்தது. பன்றிக் காய்ச்சல் என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்த வருடம் அது. எங்கள் ஊர் கொட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இருமல். கஷாயம் போதும் என்று அடம்பிடித்தார். நாலு படி ஏறவே மூச்சு வாங்கியதும் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அவருக்கு முன்பே இதய வால்வு மாற்றியிருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். பரிசோதனைக்காக மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டதும் ரத்தம் கொட்டியது. அது நிற்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

“குச்சி வேண்டாம், உமிழ்நீர்ல பாத்திருவோம்” என்றார் டாக்டரம்மா. உமிழ்நீர் (வாயில் தானாக ஊறும் நீர், நெஞ்சுச் சளி அல்ல) காலையில் எழுந்ததும் எடுக்க வேண்டும். பல் தேய்க்கக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. அவரை அங்கேயே சேர்த்துக்கொண்டு, முடிவு வரும்வரை சந்தேகத்தின் பேரில் வைரஸ் மருந்தைத் தொடங்கினார்.

இவரோ தம்ளர் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஆள். எச்சில் என்றால் அப்படியொரு அருவருப்பு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் வாய்வைத்த தம்ளரைத் தொட்டதில்லை. மகள் கடித்துத் தந்த முறுக்கைக்கூட வாங்கித் தின்றதில்லை.

மறுநாள் காலை நான் காப்பி வாங்கித் திரும்பியபோது குப்பியில் உமிழ்நீர் தயாராக இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு ‘நெகட்டிவ்’ (கிருமி தென்படவில்லை) என்று வந்தது. வைரஸ் மருந்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு மூச்சு இன்னும் மோசமானது. ஆக்சிஜன் வைத்தார்கள். தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன்.

அவர் முகமூடியை விலக்கி என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

“ஏட்டி, வாய் கழுவினா கிருமி போயிருமோ?”

“என்ன செஞ்சீங்க?”

“உப்பு வெள்ளம் வச்சு நல்லாக் கொப்பளிச்சேன். பல்லு தேய்க்காத வாயி எச்சில அந்த நர்சுப் பிள்ளைக்க கையில எப்பிடிக் குடுக்கது? நம்ம மவ மாதி இருக்கா.”

“உயிரு போவுது, இதுல மரியாதையா பாக்குதீங்க!” என்று கத்தினேன். கத்திவிட்டு அவர் காலடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நெகட்டிவ்னு வந்தா நோயே இல்லைன்னு ஆகிடாதும்மா. நானும் மருந்தை நிறுத்தியிருக்கக் கூடாது” என்று அப்போதே மறுபடி தொடங்கினார். கொப்பளித்தால் கிருமி நீர்த்துப்போய்க் கருவிக்குத் தட்டுப்படாமல் போகலாமாம். ஏன் கூடாது என்ற காரணத்தை நீங்களாவது முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். செய்யக் கூடாததைச் செய்துவிட்டால் மறைக்காதீர்கள். வைத்தியரிடம் என்ன வெட்கம்?

அடுத்த காலை குப்பியை நானே பிடித்தேன். “பாக்காத, அங்க திரும்பு” என்றார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விட்டார். பாவமாக இருந்தது. இந்த முறை கிருமி அகப்பட்டது. மருந்தும் மெல்ல மெல்லக் கேட்டது.

அவர் வரப்பில் நடக்கத் தொடங்கியபோது பயிர் கதிர் வாங்கியிருந்தது. நட்டதற்கும் கதிருக்கும் நடுவில் உள்ள காலம் எங்கள் இருவருக்கும் ஞாபகத்தில் இல்லை. இப்போதெல்லாம் அவர் எழுந்ததும் பல் தேய்க்க ஓடுவதில்லை. சற்று நேரம் கட்டிலில் சும்மா உட்கார்ந்து, மூச்சை இழுத்து விட்டுப் பார்க்கிறார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், நான் பாதி குடித்து வைத்திருந்த காப்பியை எடுத்தார். அண்ணாந்து ஊற்றவில்லை. உதடு வைத்து உறிஞ்சினார்.

“சீனி கொறவுட்டி” என்றார்.