சாமியிடம் போன சாவி

என்னிடம் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் இருக்கின்றன என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே என் வீட்டுக்காரரைத்தான் பார்ப்பார்கள். "சாருக்கு ரெண்டு வண்டியா?" இரண்டும் என்னுடையவை, இரண்டும் கியர் வண்டிகள். சாருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்வது?

ஒன்று புதியது. தினமும் சேலத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர. எலும்பு முறிவு வார்டில் நர்ஸ் நான். மற்றொன்று, முதல் வேலையில் சேர்ந்த வருடம் வாங்கியது. அதில் மலைப் பாதையில் ஏறும்போது, ஒவ்வொரு வளைவிலும் அது மூச்சு வாங்குவதைத் தொடையில் உணரலாம். அதை விற்கச் சொன்னவர்களோடு நான் மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கு ஒரே கொள்கை. "ஒரு போர்ஷனுக்கு ஒரு வண்டிதாம்மா." காம்பவுண்டுக்கு வெளியே நிறுத்தினேன். முதல் வாரம் நாய் சீட்டைக் கிழித்தது. இரண்டாம் வாரம் யாரோ பெட்ரோலை உறிஞ்சிவிட்டார்கள். கவர் வாங்கிப் போட்டேன், கவரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எலி வயரைக் கடித்த அன்று தெருவில் நின்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

அப்போதுதான் வெண்ணந்தூர் அக்கா இடம் கொடுத்தார். தறிப்பட்டறையில் விழுந்து கையை முறித்துக்கொண்டு எங்கள் வார்டில் இருந்தவர். வீடு போன பிறகும் போனில் பேசுவார். "ரெண்டு தறிய வித்துப்போட்டமுங்க, எடம் சும்மாதான் கெடக்குது. கொண்டாந்து நிறுத்துங்க சாமி" என்றார். அந்தப் பக்கத்தில் பெரியவர், சின்னவர், வந்தவர், போனவர் எல்லாருமே சாமிதான். நானும் சாமி ஆனேன்.

மாதம் ஒரு முறை போய், மேலே படிந்த பஞ்சுத் தூசைத் துடைத்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு வருவேன். ஓடுகிற தறிகளின் சத்தத்துக்குள்ளும் அதன் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். சந்தோஷமாக இருக்கும். பிறகு மழைக்காலத்தில் இரண்டு மாதம் போக முடியவில்லை. போனபோது பின் சக்கரம் இறுகிக் கிடந்தது. சக்கரத்தை உள்ளிருந்து பிடித்து நிறுத்தும் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீடியோவைப் பார்த்து நானே சக்கரத்தைக் கழற்றி ஷூவை எடுத்தேன். திரும்ப மாட்டத் தெரியவில்லை. ஸ்பிரிங் ஒரு பக்கம் தெறித்தது, நான் ஒரு பக்கம் வியர்த்தேன். கடைசியில் ஷூ இல்லாமலே சக்கரத்தை மாட்டி, ஷூவைப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முன் பிரேக்கிலும் எண்ணெய் கசிவு. இரண்டு மூன்று தரம் பிடிக்கும், அப்புறம் லீவர் சும்மா கைக்குள் வந்துவிடும்.

"சரியாயிருச்சுங்களா?" என்று அக்கா டீயோடு வந்து கேட்டார்.

"ஆச்சுக்கா" என்றேன். பொம்பளைக்கு எதுக்கு ஸ்பேனர் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்ற வீம்பு. வேறொன்றுமில்லை.

உண்மையை எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியிடம் மட்டும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, பூசை முடிந்து கோயில் வாசலில். எங்கள் வீட்டில் குருவானவரை ஃபாதர் என்று கூப்பிடுகிற பழக்கமில்லை, அந்தக் காலத்திலிருந்தே சாமிதான். இவருக்கு வண்டி என்றால் உயிர். சிரித்துவிட்டு, வியாழக்கிழமை ஒரு மினி டெம்போவில் போய் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து, தானே சரிசெய்து தருவதாகச் சொன்னார்.

புதன்கிழமை அக்காவுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வண்டியைப் பாக்க சாமி வருவாரு. சாவியைக் குடுத்துருங்க."

"சாமிங்களா? சரிங்க, குடுத்தர்றேன்."

வியாழன் எனக்கு வார விடுமுறை. மதியம் இரண்டேகால் மணிக்குச் சாமியே கூப்பிட்டார். ஊரில் ஒரு அடக்கம், இன்னும் கிளம்பவில்லை, வெண்ணந்தூர் போய்ச்சேர ஐந்தாகும் என்றார். அதைச் சொல்லலாம் என்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"சாமி அப்பவே வந்து வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாருங்களே!" என்றார் அக்கா.

"எடுத்துட்டுன்னா? டெம்போவுலயா?"

"டெம்போ எதுக்குங்க? ஏறி ஓட்டிட்டே போனாருங்க."

யார் அந்தச் சாமி என்று கேட்டேன். தறி ரிப்பேர் பார்க்க வந்த ஃபிட்டராம். மாலை போட்டிருக்கிறார், கருப்பு வேட்டி. கார்த்திகை மாதத்தில் மாலை போட்டவரை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? தறிக்கு ஒரு சாமான் வாங்க ராசிபுரம் போக வேண்டும், வண்டி இருக்கிறதா என்று அவர் கேட்டிருக்கிறார். நான் சொன்ன ஆள் இவர்தான், ரிப்பேர்க்காரர் ஆயிற்றே, வண்டியை ஓட்டிப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று அக்கா சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"அவருக்குப் போன் பண்ணுங்க. வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே."

"ஏனுங்க, என்ன ஆச்சு?"

"பண்ணுங்கக்கா!"

பிரேக் இல்லை என்று அப்போதும் நான் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

புது வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பிரேக் பிடிக்காமல் விழுந்தவர்களை எங்கள் வார்டில் நான் தினமும் பார்க்கிறேன். எந்த வேகத்தில் எந்த எலும்பு போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது அன்று எந்த உதவியும் செய்யவில்லை. மல்லூர்வரை லாரிகளுக்கு நடுவே போனேன். எதிரே வந்த வண்டிகளில் பாதிப் பேர் கருப்பு வேட்டி. ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்தேன். நடுவில் ஒருமுறை வண்டியை நிறுத்தி அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஃபிட்டரை எட்டு தரம் கூப்பிட்டிருந்தார். "மணி அடிக்குதுங்க, எடுக்க மாட்டேங்கறாரு."

வெண்ணந்தூரில் அக்கா சாலைக்கே வந்து நின்றிருந்தார். பின்னால் ஏற்றிக்கொண்டு ராசிபுரம் சாலையில் திரும்பினேன். வழி நெடுக என் காதுக்குள் அவர் புலம்பிக்கொண்டே வந்தார். "எந் தப்புதானுங்க. இந்தச் சாமிதானான்னு ஒரு வார்த்த கேக்காம குடுத்துப்போட்டேன். அவருக்கு ஒண்ணுன்னா அவிய ஊட்டுல நான் என்னன்னு சொல்லுவேன்?" நான் வேகத்தைக் கூட்டினேன். அவர் தன் தப்பு என்று சொல்லச் சொல்ல, எனக்குள் ஏதோ ஒரு மூலையில் அது வசதியாகவும் இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஏரிக்கரை இறக்கம் முடிகிற இடத்தில், "அங்க, அங்க!" என்று அக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினார். என் வண்டி வேலியோரம் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் பாலச் சுவரில் ஃபிட்டர் உட்கார்ந்திருந்தார். தலை சரியாக இருந்தது, கைகள் சரியாக இருந்தன, பேசினார். ஆண்டவரே என்று எனக்கு வாய்விட்டே வந்தது.

பிறகுதான் பாதங்களைப் பார்த்தேன். மாலை போட்டவர்கள் செருப்பு போடுவதில்லை. இறக்கத்தில் பிரேக் போனதும் இரண்டு கால்களையும் தாரில் ஊன்றி வண்டியை நிறுத்தியிருக்கிறார். போன் தெறித்து வேலிக்குள் எங்கோ விழுந்துவிட்டதாம். இரண்டு பாதங்களிலும் அடித்தோல் உரிந்து தொங்கியது. கட்டைவிரல் நகம் ஒன்று இல்லை.

என் பையில் எப்போதும் பஞ்சும் கட்டுத்துணியும் இருக்கும். தரையில் உட்கார்ந்து மண்ணைக் கழுவிக் கட்டினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பின்னாடி பிரேக் லூசா இருக்குதுன்னு தெரிஞ்சுதுங்க" என்றார். "முன்னாடி நல்லாப் புடிச்சுது. கிட்டத்தான போறோம்னு நெனச்சேன். அடுத்த வாரம் மலைக்குப் போகோணும். நடக்க முடியுங்களா?"

"முடியாதுங்க" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அழ ஆரம்பித்தார். "நாந்தானுங்க சாவி குடுத்தேன். என்ன மன்னிச்சுருங்க சாமி" என்று கும்பிட்டார்.

அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. "அக்கா மேல தப்பில்லைங்க. பின்னாடி பிரேக் ஷூவே கிடையாது. நான்தான் கழட்டினேன். முன்னாடியும் நிக்காதுன்னு தெரியும். அக்காகிட்ட சரியாயிருச்சுன்னு பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஃபிட்டர்தான் பேசினார். திட்டவில்லை. "ராசிபுரத்துல சாமான் வாங்கிட்டு, வர்ற வழியில பள்ளிக்கூடத்துல எம் புள்ளைய ஏத்திட்டு வரலாம்னு இருந்தனுங்க. எப்பவும் டேங்கு மேலதான் உக்காரும்" என்றார்.

மணி நாலாகப் போகிறது, குழந்தை வாசலில் காத்துக்கொண்டு நிற்கும் என்றார். நான் கூட்டிப் போகிறேன் என்றேன். கிடக்கிற வண்டிக்கு அக்கா காவல் நின்றார். நான் புது வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். கட்டுப்போட்ட காலோடு அவர் சுவரைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டு வந்தார். உடனே ஏறவில்லை. குனிந்து என் காலுக்குப் பக்கத்தில் பின் பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, என் கையைத் தாண்டி முன் பிரேக்கை இரண்டு மூன்று தரம் அல்ல, ஏழெட்டுத் தரம் பிடித்துப் பிடித்து விட்டார். அதுவரை நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவர் ஏறி உட்கார்ந்தார்.